லீஹை பாணியில் ஒரு சக்கிமுக்கி நீள்துப்பாக்கி: இரும்பு வேலை ஓடுகிறது, கட்டைதான் ஒத்துழைக்கவில்லை

கட்டைப்பித்தன் | சனி, காலை 9.12

எல்லாருக்கும் வணக்கம். நாற்காலி, ஊஞ்சல் பலகை, முக்காலி என்று இங்கே படம் போட்டுக்கொண்டிருந்தவன், இந்த முறை கொஞ்சம் வில்லங்கமான சாமானோடு வந்திருக்கிறேன். நான் இருப்பது பென்சில்வேனியாவில், ஆலன்டவுன் பக்கம். இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் 1700களின் பிற்பாதியில் ஜெர்மன் பேசும் கொல்லர்கள் நீளக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தார்கள். மேப்பிள் கட்டை, பித்தளைப் பூண், சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் லாக். ஒரு கண்காட்சியில் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

ஒரு வருடமாக வார இறுதிகளில் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். லீஹை பள்ளத்தாக்குப் பாணி. குழல் .50 கேலிபர், 42 அங்குலம், எண்கோணம், வாங்கியது. லாக்கும் வாங்கியதுதான். கட்டை மட்டும் இரண்டரை அங்குலக் கனமுள்ள வரி மேப்பிள் பலகையிலிருந்து நானே எடுத்தேன். குழலுக்குப் பள்ளம் வெட்டியாச்சு, லாக்கைப் பதித்தாச்சு, தோளில் படும் பின்தகடும் உட்கார்ந்துவிட்டது. இப்போது வடிவம் கொண்டுவருகிறேன். படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். எனக்கே தெரிகிறது, ஏதோ சரியில்லை. என் பையன் பார்த்துவிட்டு "கிரிக்கெட் மட்டையா அப்பா?" என்கிறான்.

பித்தளை மூடியில் டெய்சிப் பூ வைத்த பேட்ச் பாக்ஸ் (குண்டைச் சுற்றும் துணியை வைக்கக் கட்டையில் பதிக்கும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பதித்தால் கொஞ்சம் எடுப்பாக இருக்குமா?

உளிச்சத்தம் | சனி, காலை 11.40

தம்பி, பையன் சொன்னது சரி.

நான் இதுவரை நான்கு செய்திருக்கிறேன். முதல் இரண்டையும் யாருக்கும் காட்டுவதில்லை. இரண்டிலும் உன் தப்புதான்: மரத்தை எடுக்கப் பயம். லாக்கைச் சுற்றி உள்ள திட்டைப் பார், ஒரு செங்கல்லையே வைக்கலாம். குழலுக்கு இரண்டு பக்கமும் விட்டிருக்கும் மரத்தில் பாதிக்கு மேல் போக வேண்டும். பழைய துப்பாக்கியில் முன்கட்டை ஓரம் ஒரு நூல் கனம்கூட இருக்காது. எடை ஏழெட்டுப் பவுண்டுக்குள் நிற்பதும், கையில் எடுத்தால் தானாகத் தோளுக்குப் போவதும் அதனால்தான்.

இரண்டாவது, டெய்சி. தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. டெய்சி லான்காஸ்டர் ஊர்க்காரர்களின் அடையாளம். நீ செய்வது லீஹை. மதுரைக் கண்டாங்கிக்குக் காஞ்சிபுரம் முந்தானையைத் தைத்த மாதிரி இருக்கும். வாங்குகிறவனுக்குத் தெரியாமல் போகலாம், நெசவாளிக்குத் தெரியும்.

பாணி என்பது பித்தளையில் இல்லை. பித்தளையை முழுக்கக் கழற்றிவிட்டு, பத்தடி தள்ளி நிற்க வைத்து, நிழலுருவை மட்டும் பார்த்தே எந்த வட்டாரம் என்று சொல்லிவிடலாம். லான்காஸ்டர் கட்டையின் தோள்பகுதி ஒரு நீட்டு முக்கோணம். மேல்கோடு நேர், கீழ்க்கோடு நேர். லீஹையில் மேல்கோடு, கை பிடிக்கும் கழுத்திலிருந்து பின்தகடு வரை மெல்ல வளைந்து இறங்கும், கழுகு மூக்கு மாதிரி. இங்கே அதை ரோமானிய மூக்கு என்பார்கள். கீழ்க்கோடும் அதற்கு ஏற்ப வளையும். உன் படத்தில் மேலே வளைவு இருக்கிறது, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாய். இரண்டு ஊரும் ஒரே கட்டையில் சண்டை போடுகின்றன.

மதுரைக்காரன்72 | சனி, பகல் 1.05

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். துப்பாக்கியை வீட்டு கராஜில் செய்கிறோம் என்று இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறீர்களே, போலீஸ் வராதா? இங்கே நான் ஆசைப்பட்டால் செய்ய முடியுமா?

கட்டைப்பித்தன் | சனி, பகல் 1.31

சார், இங்கே 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இந்த மாதிரி வாய்ப்புறமாக மருந்து கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் நவீனத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகள் உண்டு, அதைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன்.

இந்தியாவில் நினைத்தே பார்க்காதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வதே குற்றம். பழைய பாணி, புதிய பாணி என்றெல்லாம் விலக்கு கேட்க முடியாது. கட்டையை மட்டும் செதுக்கிச் சுவரில் மாட்டலாம், அது வெறும் மரவேலை.

மதுரைக்காரன்72 | சனி, பகல் 1.44

சரி சரி. நான் வேடிக்கை மட்டும் பார்க்கிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கண்மாய்ப் பக்கம் நரிக்குறவர் ஒருவர் நீளக் குழல் துப்பாக்கியில் மருந்தைப் போட்டு, கந்தல் துணியை வைத்துக் கம்பியால் இடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே கதைதானே இதுவும்?

சரித்திரப்புழு | சனி, மாலை 6.20

கெட்டிக்கும் முறை அதே, உள்ளே இருக்கும் விஷயம் வேறு. நீங்கள் பார்த்ததன் குழல் உள்ளே வழுவழுப்பாக இருந்திருக்கும், ரவையைச் சிதறவிடும். இதில் குழலுக்குள் திருகுபுரியாகக் கீறல்கள் உண்டு. பெரும்பாலும் ஏழு. குழலைவிடச் சற்றே சின்ன ஈயக் குண்டை, .50 குழலுக்கு .490 குண்டு மாதிரி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி இறக்குவார்கள். துணிதான் கீறலைப் பிடித்துக் குண்டைச் சுழற்றும். சுழலும் குண்டு திசை மாறாது. அந்தத் துணியையும் கொழுப்பையும் வைக்கத்தான் கட்டையின் பின்பக்கம் பேட்ச் பாக்ஸ்.

இதன் மூத்த அண்ணன் ஜெர்மனியின் யேகர் துப்பாக்கி: குட்டைக் குழல், பெரிய வாய். ஜெர்மன் பேசுபவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறியபோது கூடவே வந்தது. இங்கே குழல் நீண்டது, வாய் சுருங்கியது. ஈயமும் மருந்தும் விலை அதிகம், தூரத்தில் நிற்பதை ஒரே குண்டில் விழுத்த வேண்டும், இதெல்லாம் காரணமாகச் சொல்வார்கள். "கென்டக்கி ரைஃபிள்" என்ற பெயர் 1815 நியூ ஆர்லியன்ஸ் போரைப் பற்றிப் பின்னால் வந்த ஒரு பாட்டால் ஊரெல்லாம் பரவியது. பிறந்த ஊர் பென்சில்வேனியா, பேர் வாங்கியது கென்டக்கி. நம்ம ஊரில் எண்ணெய் ஒருவன் ஊற்ற, பலகாரத்துக்குப் பேர் இன்னொருவன் வாங்குவது மாதிரி.

கட்டைப்பித்தன், உங்கள் பக்கத்திலேயே நாசரேத் அருகில் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்று மொரேவியத் திருச்சபையினரின் குடியிருப்பு இருந்தது. அங்கே துப்பாக்கிப் பட்டறை நடத்தியவர் ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட், அவரிடம் கற்றவர் கிறிஸ்டியன் எர்ட்டர். எர்ட்டர் 1775 என்று ஆண்டு பொறித்துச் செய்த ஒரு ரைஃபிள் 1971இல் வேலி ஃபோர்ஜில் ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து திருடு போனது. நாற்பத்தேழு வருடம் கழித்து, 2018இல், பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் மூலமாகக் கிடைத்தது. பிலடெல்பியாவில் அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். லீஹை பாணி அந்தப் பட்டறைக்குக் கடன்பட்டது. அதன் படங்களைப் பாருங்கள், கழுத்துப் பகுதியைக் குறிப்பாக.

கொல்லுப்பட்டறை | சனி, இரவு 9.55

தலைப்பில் "கையால் செய்தது" என்று போடாமல் விட்டீர்களே, அதுவரை சந்தோஷம். குழல் கடையில், லாக் கடையில். மிச்சம் என்ன? அலமாரி வேலை.

உண்மையான வேலை உலையில்தான். நீண்ட தட்டை இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, ஓரத்தின் மேல் ஓரம் ஏற்றி, நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி அடித்து ஒட்ட வேண்டும். ஒரு சூட்டுக்கு ஓரிரு அங்குலம்தான் ஒட்டும். கம்பியைச் சட்டென்று உருவாவிட்டால் அது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் துளையைச் சீராகக் குடைய வேண்டும், வெளிப்பக்கம் எட்டு முகமாக ராவ வேண்டும், பிறகுதான் புரிக் கீறல். நான் வட கரோலினாவில் ஒரு வருடம் இதோடு மல்லுக்கட்டினேன். ஒன்று முடிந்தது. இரண்டு குப்பைக்குப் போனது.

உளிச்சத்தம் | ஞாயிறு, காலை 7.15

பட்டறைத் தம்பி, உன் உழைப்புக்குக் கும்பிடு. ஆனால் சரித்திரம் உன் பக்கம் இல்லையே. அந்தக் காலத்துக் கொல்லரே எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. லாக்குகளில் பெரும்பங்கு இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பீப்பாயில் வந்து இறங்கியவை. குழலை அடித்துக் குடைந்து தர ஓடைக்கரையில் தண்ணீர்ச் சக்கரம் வைத்த ஆலைகள் இருந்தன. லான்காஸ்டரில் ஜேக்கப் டிக்கர்ட், 1740இல் மைன்ஸ் நகரத்தில் பிறந்தவர், அவர் பேரைச் சொல்லியே துப்பாக்கி விற்றது. அந்தப் பட்டறையிலும் ஒருவர் உட்கார்ந்து திருகாணி முதல் குழல் வரை செய்துகொண்டிருக்கவில்லை. ஆள் வைத்து, பிரித்துக் கொடுத்துதான் வேலை நடந்தது.

ஊர்ப் பாணி எங்கே தெரிகிறது? கட்டையில். பித்தளையில் கொஞ்சம். குழலைப் பார்த்து வட்டாரம் சொல்பவன் அபூர்வம்.

கொல்லுப்பட்டறை | ஞாயிறு, காலை 8.02

அண்ணாச்சி, விற்பனைக்குச் செய்தவன் பீப்பாயில் வாங்கியிருப்பான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்லியம்ஸ்பர்கில் இருக்கும் காலனிய அருங்காட்சியகத்தில் வாலஸ் கஸ்லர் 1960களில் குழல், லாக், திருகாணி எல்லாவற்றையும் பழைய கருவிகளாலேயே செய்து காட்டினார். முடியும் என்பது தெரிந்ததே அவரால்தான். அதையும் மறந்துவிடக் கூடாது. புரி போடும் மேசையைச் செய்தால்தான் அது எப்பேர்ப்பட்ட மூளை என்று புரியும். மர உருளையில் திருகலாகப் பள்ளம் வெட்டி, அதோடு ஒரு ஹிக்கரி மரக் கோலைப் பொருத்தி, கோலின் நுனியில் ரம்பப் பல் மாதிரி ஒரு சின்ன வெட்டி. இழுத்தால் உருளை திருகும், வெட்டியும் குழலுக்குள் திருகிக்கொண்டே வரும். ஒவ்வொரு கீறலும் மயிரிழை ஆழம். இன்னும் ஆழம் வேண்டுமா, வெட்டிக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு வை. ஏழு கீறல், ஒவ்வொன்றுக்கும் நூறு இழுப்பாவது. வாங்கிய குழலில் அந்தக் காகிதத் துண்டு உனக்குத் தெரியாது.

உளிச்சத்தம் | ஞாயிறு, காலை 8.10

காகிதத் துண்டுக்கு நான் சரணம். ஆனால் இவன் கேட்டது கட்டை ஏன் சரியில்லை என்று. குழலைப் பற்றித் தனி இழை போடு, நானும் வருகிறேன்.

தேக்குமரம் | ஞாயிறு, பகல் 12.25

நான் துப்பாக்கி செய்ததில்லை, கதவும் நிலையும் செதுக்குகிறவள். கட்டைப்பித்தன் தம்பி, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றி உப்புத்தாள் தேய்த்துக் குறைக்கப் பார்க்கிறீர்கள், சரிதானே? அதனால்தான் எங்கே பார்த்தாலும் உருண்டையாக, சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது.

தாளைத் தூக்கிப் போடுங்கள். முதலில் தட்டையான முகங்களாக எடுக்க வேண்டும். பக்கவாட்டுக் கோட்டை முடித்துவிட்டு, மேலிருந்து பார்க்கும் கோட்டை முடியுங்கள். அந்த இரண்டும் சரியாகும் வரை ஒரு மூலையைக்கூட உருட்டக் கூடாது. பிறகு நான்கு முகத்தை எட்டாக்குங்கள், எட்டைப் பதினாறாக்குங்கள். முரட்டு அரம், அடுத்து வெட்டுக்கத்தி, கடைசியில் எஃகுச் சுரண்டித் தகடு. நடுக்கோட்டைப் பென்சிலால் போட்டு, அழிய அழியத் திரும்பப் போட்டுக்கொண்டே இருங்கள். நான் தூண் செய்யும்போது நடுக்கோடு தொலைந்து ஒரு முறை இடப்பக்கம் அரை அங்குலம் கோணிப்போய், அந்தத் தூண் இன்றைக்கு என் வீட்டுத் துணி காயப்போடும் கம்பமாக இருக்கிறது.

வரி மேப்பிள் வேறு. அந்த வரி அழகுக்குக் காரணமே நார் அலை அலையாக ஓடுவதுதான். ஒவ்வோர் அலையிலும் நார் ஒரு தடவை உங்களுக்குச் சாதகம், மறு தடவை எதிர். இழைப்புளி பிடுங்கும். சுரண்டியைச் சாய்த்துப் பிடித்துக் குறுக்காக ஓட்டுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பல்பைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழும்பும்.

கட்டைப்பித்தன் | ஞாயிறு, இரவு 10.48

அக்கா, உப்புத்தாள் விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வெட்கமாக இருக்கிறது.

அண்ணாச்சி, கீழ்க்கோட்டை ஏன் நேராக விட்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்லாமல் விட்டேன். கெட்டிக்கும் கோலுக்குக் குழலுக்கு அடியில் நீளமாக ஒரு துளை போட வேண்டும் இல்லையா? அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டமுள்ள, நான்கடி நீளத் துரப்பணம். பாதி தூரம் போனதும் அது தன் இஷ்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. விசைக்கு முன்னால் இருக்கும் இடத்தில் வெளியே எட்டிப் பார்க்காததுதான் குறை. அங்கே மரத்தை எடுத்தால் துளை தெரிந்துவிடும் என்று பயந்து கனமாக விட்டுவிட்டேன். மொத்தத் துப்பாக்கியும் அந்த ஒரு தப்பைச் சுற்றித்தான் பருத்திருக்கிறது.

உளிச்சத்தம் | திங்கள், காலை 6.50

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை வாய்ச்சண்டை இல்லை.

குழல் பள்ளத்துக்கும் கோல் துளைக்கும் நடுவே ஒரு நூல் மரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உனக்கு எவ்வளவு இருக்கிறது? குழல் பள்ளத்தின் தரையிலிருந்து மெல்லிய துளை ஒன்று போட்டுக் கம்பியால் அளந்து சொல். மூன்று நூலுக்கு உள்ளே இருந்தால் பிழைத்தாய். துளையின் கடைசி ஏழெட்டு அங்குலத்துக்கு அதே மேப்பிளில் உருட்டிய குச்சியைப் பசை தடவி அடைத்துவிடு. கோல் அவ்வளவு உள்ளே போக வேண்டிய அவசியமில்லை, கொஞ்சம் குட்டையான கோலாக வைத்துக்கொள். துளை அடைந்த பிறகு வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். தெரிந்தால்கூட மேப்பிளுக்குள் மேப்பிள்தான் தெரியும். பழைய கொல்லர்களுக்கும் துரப்பணம் இப்படி ஓடிப்போயிருக்கிறது. ஒட்டுப் போட்ட பழைய கட்டைகளை நான் கையிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் லாக்கின் முன் திருகாணி. அது குழலுக்கும் கோலுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு நூலில்தான் குறுக்கே போக வேண்டும். இடம் போதாது, யாருக்கும் போதாது. குழலின் அடி முகத்தில் அரத்தால் ஒரு சின்னப் பள்ளம் ராவி ஒதுங்கிப் போக விடுவார்கள். மெல்லிய பள்ளம் மட்டும்! குழல் சுவரில் அளவுக்கு மேல் கை வைக்காதே. அந்த இடத்தில்தான் அழுத்தம் அதிகம்.

மதுரைக்காரன்72 | திங்கள், காலை 9.30

ஒரு நூல், அரை நூல் என்று கேட்டு எத்தனை நாளாச்சு! எங்கள் தெரு ஆசாரி அந்தக் கணக்கில்தான் பேசுவார். எட்டு நூல் ஒரு அங்குலம். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு நூல் கணக்கில் துப்பாக்கி செய்கிறீர்களே.

உளிச்சத்தம் | திங்கள், காலை 9.41

இங்கேயும் எட்டில் ஒரு பங்குக் கணக்குதான். நாம் பேர் வைத்தோம், இவர்கள் பின்னத்தில் சொல்கிறார்கள்.

கட்டைப்பித்தன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

இரண்டரை நூல் இருந்தது. குச்சி அடைத்தாச்சு.

அக்கா சொன்ன மாதிரி முகம் முகமாக எடுத்தேன். கழுத்தை மட்டும் தொடத் தைரியம் வராமல் பத்து நாள் சுற்றிவந்தேன். எர்ட்டர் துப்பாக்கியின் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பார்த்துப் பார்த்து இறக்கினேன். கீழே வளைவு வந்ததும், கட்டை திடீரென்று நீண்டுவிட்ட மாதிரி இருக்கிறது. அளந்து பார்த்தேன், அதே நீளம்தான்!

முன்னால் முழங்கால் உயரச் சீவல் குவியல் கிடக்கிறது. மனைவி ரோஜாச்செடிக்குப் போட எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டெய்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மரத்திலேயே சறுக்கு மூடி போடலாமா? அதுதான் பழசு என்கிறார்கள்.

சரித்திரப்புழு | ஞாயிறு, மாலை 5.10

எந்த ஆண்டுத் துப்பாக்கி என்று முதலில் முடிவு பண்ணிவிடுங்கள். மரச் சறுக்கு மூடி யேகரிலிருந்தே வருவது, 1770களில்கூட உண்டு. நூற்றாண்டின் முடிவுக்குள் கீல் வைத்த பித்தளை மூடி ஊரெல்லாம் வந்துவிட்டது. 1775 என்றால் மர மூடி அழகு. 1795 என்றால் பித்தளை, ஆனால் உங்கள் ஊர்ப் பித்தளை.

கல்வெட்டு மாதிரி உள்ளே கீறிய கோலங்கள்தான் லீஹையில் அதிகம். லான்காஸ்டர்காரர்கள் புடைப்பாக, சுருள் சுருளாக எழுப்புவார்கள். சில லீஹை துப்பாக்கிகளின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு மனிதத் தலை உண்டு. சிலர் அதைச் செவ்விந்தியத் தலை என்கிறார்கள், சிலர் சுதந்திர தேவி என்கிறார்கள். உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதைக் கீறிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நமக்கும் இதற்கும் ஒரு சின்ன உறவு. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். அந்தக் காலத்தில் ஆங்கிலேய மருந்தில் போன வெடியுப்பின் பெரும்பகுதி பீகார் மண்ணில் காய்ச்சி, கல்கத்தாவில் கப்பல் ஏறியது. 1774 கடைசியில் லண்டன் இந்தக் குடியேற்றங்களுக்கு மருந்தும் ஆயுதமும் போகத் தடை போட்டபோது, பென்சில்வேனியாக்காரர்கள் தொழுவத்து மண்ணைச் சுரண்டி வெடியுப்புக் காய்ச்சப் பழகினார்கள். துப்பாக்கி கையில் இருந்தது, உள்ளே போட மருந்து இல்லை.

கட்டைப்பித்தன் | ஞாயிறு, இரவு 8.30

1775 என்று வைத்துக்கொள்கிறேன். மர மூடி. தலை கீற என் கை போதாது, ஒரு கோலம் மட்டும்.

தீத்துளை, அதாவது லாக்கின் தீ குழலுக்குள் போகும் துளை, பற்றிக் கேட்க வேண்டும். எங்கே போடுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கொல்லுப்பட்டறை | ஞாயிறு, இரவு 9.05

இதில் எனக்கும் அண்ணாச்சிக்கும் சண்டை வராது என்று நினைக்கிறேன். லாக்கில் பற்றவைக்கும் மருந்தைப் போடும் கிண்ணத்தின் நீளவாட்டு நடுவில், உயரத்தில் கிண்ணத்தின் விளிம்போடு சமமாக. சூரியன் கடலில் பாதி முங்கி நிற்கிற மாதிரி துளை தெரிய வேண்டும். கீழே போட்டால் கிண்ணத்து மருந்து துளையை மூடிக்கொள்ளும், திரி மாதிரி எரிந்து எரிந்து உள்ளே போகும். புஸ்ஸ்... டும் என்று இரண்டு சத்தம். சரியாகப் போட்டால் ஜுவாலை மட்டும் தாவும், ஒரே சத்தம்.

குழலின் பின்வாயை மூடும் அடைப்பாணியின் முன்முகம் எங்கே முடிகிறதோ அதற்குச் சற்று முன்னால் துளை வர வேண்டும். அதனால் லாக்கைப் பதிக்கும் முன்பே இதைத் தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானித்தீர்களா?

கட்டைப்பித்தன் | ஞாயிறு, இரவு 9.12

தீர்மானித்தேன்! ஒரு வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கொல்லுப்பட்டறை | ஞாயிறு, இரவு 9.20

சபாஷ். பொறி குறைவாக வந்தால் கல்லைக் குறை சொல்லாதீர்கள். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல் எஃகுத் தகட்டைச் சீவுகிறது, சீவிய துகள் காற்றில் எரிகிறது. எஃகு கடினமாக இருந்தால்தான் அது நடக்கும். தகடு மழுங்கலாகக் கீறல் விழுந்து பொறியில்லாமல் இருந்தால், அதைத் திரும்பக் காய்ச்சித் தோய்க்க வேண்டும்.

கட்டைப்பித்தன் | ஒரு மாதம் கழித்து, சனி

வெடித்தது.

சாயம் போடுவதற்கு முன்பே வெள்ளைக் கட்டையாக வைத்துச் சுட்டுப் பார்ப்பது நல்லது என்று அண்ணாச்சி தனிமடலில் சொல்லியிருந்தார். சுடும் திடலில் பழைய டயரில் கட்டிப்போட்டு, சுவருக்குப் பின்னால் நின்று நீளக் கயிற்றால் விசையை இழுத்தேன். முதல் மூன்று அப்படி. குழல், துளை, கட்டை எல்லாவற்றையும் அளந்து பார்த்த பிறகுதான் தோளில் வைத்தேன். ஐம்பது கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, எனக்குப் போதும்.

பிறகு சாயம். நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரைந்த கரைசல், நம் பழைய வைத்தியப் புத்தகங்கள் வெடியுப்புத் திராவகம் என்கிற அதே அமிலம். வீட்டுக்கு வெளியே, கையுறை, முகமூடி. அந்தப் புகை விளையாட்டில்லை. தடவியதும் கட்டை பாசி பிடித்த குளம் மாதிரி பச்சையாகிவிட்டது. அழுதுவிடலாம் போலிருந்தது. சூடு காட்டக் காட்ட, தோசை முறுகுகிற மாதிரி ஓரத்திலிருந்து சிவந்து வந்தது. வரிகள் எழும்பி நின்றன, புலித்தோல்! பின்பு சோடா உப்புக் கரைசலால் கழுவி அமிலத்தை அடக்கினேன். விட்டால் அது மாதக்கணக்கில் கறுத்துக்கொண்டே போகுமாம். மேலே ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்து, நாலு பூச்சு. படம் போட்டிருக்கிறேன்.

தேக்குமரம் | சனி, இரவு 7.15

கழுத்துக்குப் பின்னால் அந்த வளைவு இறங்குகிற இடம் இருக்கிறதே, அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கோலத்தில் ஒரு கோடு நடுங்கியிருக்கிறது. விட்டுவிடுங்கள், சரி பண்ணப் போய் ஆழமாகிவிடும்.

மதுரைக்காரன்72 | சனி, இரவு 8.00

கிரிக்கெட் மட்டை போய், நிஜமாகவே துப்பாக்கி வந்துவிட்டது. பையன் என்ன சொன்னான்?

கட்டைப்பித்தன் | சனி, இரவு 8.04

"மட்டையே நல்லா இருந்துச்சு, அதை வெச்சு விளையாடியிருக்கலாம்" என்றான் சார்.

உளிச்சத்தம் | சனி, இரவு 9.33

நல்லா வந்திருக்கிறது தம்பி. இது லீஹை என்று யாரும் கேட்காமலே தெரிகிறது. ஒன்றே ஒன்று: லாக்குக்கு எதிர்ப்பக்கத் திட்டில், பின்நுனியில், இன்னும் அரை நூல் எடுத்திருக்கலாம்.

கட்டைப்பித்தன் | சனி, இரவு 9.35

அண்ணாச்சி! சாயம் போட்டு, நாலு பூச்சு எண்ணெயும் தேய்த்த பிறகா சொல்வது?

உளிச்சத்தம் | சனி, இரவு 9.36

எண்ணெய்தானே. சுரண்டித் தகடு எங்கே வைத்திருக்கிறாய்?